யுத்த கால பர்மாவில் பாட்டிக்குச் சோறு இருந்தது, தாத்தாவுக்கு ஏன் இல்லை?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி யுத்த காலத்தில் கீழ்ப் பர்மாவில் லெட்பாடன் பக்கம் சிறுமி. "வயிறு முட்டச் சோறு தின்னோம்டா, உப்புக்குத்தான் அழுதோம்" என்பாராம். அப்பாவைப் பெற்ற தாத்தா அதே வருஷங்களில் மேல் பர்மாவில் மிஞ்ஜானில் சிறுவன். "சோத்தக் கண்ணால பாக்கல, சோளமும் கடலையும்தான்" என்பாராம். விசேஷ வீடுகளில் சம்பந்திகள் இருவரும் இதை வைத்தே முட்டிக்கொள்கிறார்கள். மூன்று வருஷம் பருப்பே பார்க்கவில்லை என்று பாட்டி சொன்னால், தமிழ்நாட்டுக்கே உளுந்து அனுப்புகிற ஊரில் பருப்பு இல்லையா என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஜப்பான் சிப்பாய் கொடுத்த "முள்ளு மிட்டாய்" கதைக்கு இன்னும் பெரிய சிரிப்பு. பர்மாவில் பஞ்சம் இருந்ததா இல்லையா என்பது தம்பி எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இருப்பது வேறு கேள்வி: எட்டு வயதில் நாக்கு அறிந்ததை எண்பது வருஷம் கழித்துச் சொன்னால் எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. ரங்கூனில் பிறந்தவன், யுத்தத்துக்குப் பிந்தியவன். முப்பது வருஷத்துக்கு மேல் பருப்பு, எண்ணெய்த் தரகு பார்த்தேன். எந்தச் சரக்கு எந்த ஊரில் விளையும், எந்த வழியாக இறங்கும், வழி அடைபட்டால் எந்த ஊரில் விலை ஏறும், எந்த ஊரில் விழும் என்பதுதான் என் பிழைப்பு. சாயங்காலம் கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த வகையில், யுத்தத்தைச் சிறு வயதில் பார்த்த இருபத்துச் சொச்சம் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவும் செய்திருக்கிறேன். பெரும்பாலும் டெல்டா, பெகு, புரோம் ரயில் பாதை ஊர்கள், கொஞ்சம் மேல் பர்மா. அரக்கான், கச்சின் மலைப் பக்கம் எனக்குப் பேச வாயில்லை.

முதலில் சந்தேகமே இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். பாட்டி சொல்வதும் உண்மை, தாத்தா சொல்வதும் உண்மை. பர்மா சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு நாடு. கீழே டெல்டாவில் மழை கொட்டும், நெல் கொட்டும். கடலோரம் உப்புக் காய்ச்சுவார்கள், ஆற்றில் மீன், வீட்டுக்கு வீடு நாப்பிச் சட்டி. நாப்பி என்பது மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுது. மேலே மிஞ்ஜான், பக்கோக்கு, மகுவே எல்லாம் வறண்ட பூமி. நிலக்கடலை, எள், சோளம், பருத்தி, வெங்காயம், மிளகாய், பனைவெல்லம். கீழிருந்து அரிசியும் உப்பும் நாப்பியும் மேலே போகும். மேலிருந்து எண்ணெயும் வெல்லமும் பருப்பும் கீழே இறங்கும். இரண்டையும் கட்டிவைத்தது ஐராவதி ஆறும் ரயிலும்தான். கீழ்ப் பர்மாவுக்கு இன்னொரு வாசலும் இருந்தது, ரங்கூன் துறைமுகம். சென்னைக் கரையிலிருந்து கடலை எண்ணெய், பருப்பு, துணி, மசாலாச் சாமான் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. போகும்போது அரிசி போனது. யுத்தத்துக்கு முன் வருஷத்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசி பர்மாவை விட்டுப் போனது, அதில் பாதி அளவு இந்தியாவுக்கு.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8-இல் ஜப்பான் படை நகரைப் பிடித்தது. அதற்கு முந்தின நாள் வெள்ளைக்காரர்கள் சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாங்களே கொளுத்தினார்கள், ஏப்ரலில் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளையும் அழித்தார்கள். பிப்ரவரியிலேயே சிட்டாங் பாலம் போயிருந்தது. ஏப்ரல் 30-இல் ஆவா பாலம். ஐராவதியில் ஓடிய கம்பெனிக் கப்பல்களில் நூற்றுக்கணக்கானவை எதிரி கையில் சிக்கக் கூடாதென்று ஆற்றிலேயே மூழ்கடிக்கப்பட்டன. மிஞ்சிய ரயிலை ஜப்பான்காரர்கள் படைக்கும் படைச் சாமானுக்கும் எடுத்துக்கொண்டார்கள். அதையும் ஆற்றுப் படகுகளையும் நேச நாட்டு விமானங்கள் விரட்டி விரட்டி அடித்தன. கடல் வாசல் அடைந்தது, நடுக்கட்டுக் கதவும் அடைந்தது. நான்கைந்து லட்சம் இந்தியர் நடந்தும் கப்பலேறியும் ஊர் திரும்பினார்கள். தங்கிவிட்டவர்களில் டிக்கெட்டுக்குக் காசில்லாத வயல் கூலிகள் நிறைய. உங்கள் பாட்டி வீடும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது லெட்பாடனை நினைத்துப் பாருங்கள். விளைந்த நெல் போக வழியில்லை. வாங்க ஆளில்லை. நெல் விலை தரையோடு தரையாக விழுந்து, களத்திலேயே போர் போராக நனைந்து மக்கியது. விற்காத பயிரை எவன் நடுவான்? யுத்தம் முடியும்போது சாகுபடி நிலம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியிருந்தது. உழவு மாடுகளும் படைக்கு இறைச்சியாகப் போயிருந்தன. இங்கே நெல் மக்கிக் கிடந்த அதே 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல, பர்மா அரிசி நின்றது அவற்றில் ஒன்று. ஆக, பாட்டி வீட்டில் சோறு இருந்ததற்கு வசதி காரணம் இல்லை. அந்தச் சோற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போனதுதான் காரணம். அதே அரிசி முன்னூறு மைல் மேலே மிஞ்ஜானுக்குப் போயிருந்தால் தாத்தா வீட்டில் இறங்கியிருக்கும். போகவில்லை. அவர் மானாவாரிச் சோளத்தைக் களியாகவும் கஞ்சியாகவும் தின்றார். கடலை மட்டும் அவருக்கு இஷ்டம்போலக் கிடைத்திருக்கும், அதையும் விற்க வழியில்லையே. பாட்டி ஏங்கிய எண்ணெய் தாத்தா ஊர்ச் செக்கில் வழிந்துகொண்டிருந்தது. இருவரும் ஒருவர் வீட்டுச் சட்டியை ஒருவர் பார்த்திருந்தால் இந்தச் சண்டையே இருந்திருக்காது.

உப்பைப் பற்றித்தான் பெரியவர்கள் அதிகம் பேசினார்கள். எண்ணெய் இல்லாமல் அவித்துத் தின்னலாம், பருப்பு இல்லாமல் கீரையைக் கடையலாம். உப்பில்லாத சோறு மூன்றாம் நாள் தொண்டையில் இறங்காது என்பார்கள். கடலோரத்தில் உப்புக் காய்ச்சியபடிதான் இருந்தார்கள், ஆனால் உள்ளூருக்கு வந்து சேர வண்டி வேண்டும், படகு வேண்டும், வழியில் பிடுங்காதவன் வேண்டும். ஸிகோனில் வளர்ந்த ஒரு அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். "எங்காத்தா உப்பத் துணியில முடிஞ்சு வச்சிருக்கும். கொழம்பு கொதிக்கையில நூலப் பிடிச்சு உள்ள விட்டு, பத்து எண்ணும். பத்துன்னா நாங்க எண்ணணும். வேகமா எண்ணச் சொல்லும். எடுத்து உறியில மாட்டிடும். சொட்டுற தண்ணிக்குக் கீழ ஒரு தேங்காச் சிரட்ட." இன்னொருவர் வீட்டில், முன்பு உப்பு வந்த பழைய சாக்கை வெட்டி வைத்திருந்தார்கள். வாரம் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றிக் கஞ்சி காய்ச்சுவார்களாம். சணல் நாறும் என்றார். நாப்பிச் சட்டி காலியானால் அதன் உட்சுவரைக் கழுவிய தண்ணீருக்குப் போட்டி இருந்தது. யுத்தத்துக்கு முன் நாப்பி வாடைக்கு மூக்கைப் பொத்திய தமிழ்க் குடும்பங்கள் பல, உப்புக்காகவே அதைப் பழகிக்கொண்டன. இன்று எங்கள் வீடுகளில் நாப்பி இல்லாத கத்தரிக்காய் இல்லை. எல்லா வீட்டிலும் பழக்கம் அப்போதுதான் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் கேட்டவர்களில் பலர் அதை அந்த மூன்று வருஷத்தில்தான் வைக்கிறார்கள்.

எண்ணெய் போனதில் பிள்ளைகளுக்குப் பட்ட அடி தீபாவளி. எண்ணெய்க் குளியல் இல்லை, முறுக்கு இல்லை, வடை இல்லை. தேங்காய் கிடைத்த வீட்டில் பாலைக் காய்ச்சி ஒரு கரண்டி எண்ணெய் எடுத்து, பிள்ளைகள் உச்சியில் ஆளுக்கு ஒரு சொட்டு வைத்தார்கள். அரிசி மாவில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து இலையில் மடித்து அவித்த பண்டம்தான் பட்சணம், பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்களிடம் கற்றது. தாளிப்பு என்றால் வெறும் சட்டியில் கடுகை வெடிக்க விட்டுக் குழம்பில் கொட்டுவது. சட்டியில் ஒட்டாமலிருக்கத் தேங்காய்ச் சில்லைத் தேய்ப்பது. பர்மிய வீடுகளில் பன்றிக் கொழுப்பை உருக்கிக்கொண்டார்கள். நம்மவர்களில் பலர் தொடவில்லை. தொட்டவர்களும் சொல்லவில்லை. ஒரே ஒருவர், ரெக்கார்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நிறுத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகு சொன்னார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சோப்பு, துணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாக்கைக் கைலியாகக் கட்டியவர்கள் உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும்.

பருப்பு விஷயத்தில் பாட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது என் தொழில், அதனால் அடித்துச் சொல்வேன். இன்று பெகுவிலும் டெல்டாவிலும் நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்து விதைக்கிறார்கள், அது கப்பலேறிச் சென்னையில் இறங்கி உங்கள் இட்லி ஆகிறது. ஆனால் அந்தச் சாகுபடி பெருகியது 1988-க்குப் பிறகு, பருப்பு வியாபாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பின்புதான். 1942-இல் கீழ்ப் பர்மா ஒரே நெற்காடு. ஆற்றுப் படுகையில் கொஞ்சம் மொச்சை, அவரை வகை விளைந்தது, அவ்வளவே. துவரை மேலே விளைந்தது, மற்றது இந்தியாவிலிருந்து வந்தது. இரண்டு வழியும் அடைந்தால் லெட்பாடன் சிறுமிக்குச் சாம்பார் ஏது? இன்றைய பர்மாவை வைத்து அன்றைய பர்மாவை அளந்தால் இப்படித்தான் பாட்டிகள் பொய்யர்களாகத் தெரிவார்கள்.

அரிசியைப் பற்றி ஒன்று. பாட்டியிடம் அந்தச் சோறு என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் பலர் "செவப்பா, தவிட்டு வாசனையா, தொண்டையில அறுக்கும்" என்றார்கள், அதை ஒரு குறையாகவே சொன்னார்கள். ஏற்றுமதி நின்றதும் ஆலைகள் பல ஓடவில்லை, வார் அறுந்தால் மாற்று வாரும் இல்லை. வீட்டிலேயே உரலில் குத்தினார்கள். தீட்டாத அந்த அரிசியில் தவிட்டோடு பி1 சத்தும் தங்கியது. ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியை மட்டுமே தின்றால் பெரிபெரி வந்து கால் வீங்கும் என்பது அந்தக் காலத்திலேயே வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. பருப்பும் இல்லாத அந்த வருஷங்களில் முகம் சுளித்துத் தின்ற அந்தச் சோறு பல பிள்ளைகளின் காலைக் காப்பாற்றியிருக்கும். "இருக்கும்" என்றுதான் சொல்கிறேன், யாரும் அளந்து பார்க்கவில்லை.

இனி எதை நம்பக் கூடாது என்பது. விலையை நம்பாதீர்கள். "ஒரு கூடை அரிசி கொடுத்தா ஒரு சீசா கடலெண்ணெய்" என்று ஒருவர் சொன்னார், அதே ஊர்க்காரர் இன்னொருவர் மூன்று கூடை என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. மாசத்துக்கு மாசம் மாறிய பண்டமாற்றுக் கணக்கு அது. அளவுகளும் குழப்பும். நெல்லுக் கூடை 46 ராத்தல், அரிசிக் கூடை 75 ராத்தல், இரண்டுக்கும் பெயர் கூடைதான். வீசை என்றால் பர்மாவில் ஏறத்தாழ 1.63 கிலோ, பழைய சென்னை வீசை 1.4 கிலோ. சொல் நம்மிடமிருந்து போனது, எடை அங்கே கூடிவிட்டது. பாட்டி அகதியாக வந்து சென்னையில் பல வருஷம் அந்த வீசையில் வாங்கியிருந்தால், எந்த வீசையை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. ஜப்பான் நோட்டு விஷயம் இதைவிட மோசம். ஒரு சென்ட், ஐந்து சென்ட் கூடக் காகிதமாக வந்தது, அச்சடித்து அச்சடித்து மதிப்புப் போய், வெள்ளைக்காரன் திரும்பியதும் ஒரே நாளில் செல்லாக் காசானது. அந்த நோட்டில் சொல்லும் எந்த விலையும் மாசமும் வருஷமும் தெரியாமல் ஒன்றுக்கும் உதவாது.

வரிசையும் பிசகும். பிள்ளைகள் காலத்தை நாட்காட்டியில் வைப்பதில்லை. "அப்பா இருந்தப்ப", "அப்பா போன பின்னாடி" என்றுதான் வைக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனார்கள், அந்தக் கூலிகளுக்குப் பர்மியில் வியர்வைப் படை என்று பெயர். தன்புசயாட்டிலிருந்து காட்டைக் கிழித்துப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். சம்பாதிக்கிற ஆள் போன வீட்டில் அன்றைக்கே சட்டி மாறும். ஒரு அம்மா 1942-இலிருந்தே பட்டினி என்றார். அவருடைய அக்கா, அதே வீடு, அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம் என்றார். துருவிக் கேட்டபோது தங்கையின் நினைவில் அப்பா இருந்த வருஷமே இல்லை, அப்போது அவருக்கு மூன்று வயது. 1945 மே மாதம் வெள்ளைக்காரப் படை ரங்கூனுக்குத் திரும்பிய பிறகு வந்த டின் பாலையும் பிஸ்கெட்டையும் ஜப்பான் காலத்தில் வைத்துச் சொல்பவர்களும் உண்டு. மறுபடி அரிசி கப்பலேறத் தொடங்கி விலை ஏறியதை யுத்தப் பஞ்சம் என்று சொல்பவர்களும் உண்டு. யார் மேல் கோபம் இருக்கிறதோ அவர்கள் காலத்தில் போய்ப் பசி ஒட்டிக்கொள்ளும்.

என் அனுபவத்தில் கலையாமல் நிற்பவை மணம், ருசி, நிறம், கை செய்த வேலை. பத்து எண்ணிய பிள்ளை எண்பது வயதிலும் அதே வேகத்தில் எண்ணிக் காட்டினார். இதை வைத்துச் சரித்திரம் எழுத முடியாது. ஆனால் தேதி தெரிந்த சம்பவங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதனால் பாட்டியிடம் "எவ்வளவு விலை, எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். உப்பை எதில் வைத்திருந்தீர்கள், யார் கொண்டு வந்தார்கள், வண்டியிலா தலைச்சுமையா, அன்றைக்கு அப்பா வீட்டில் இருந்தாரா என்று கேளுங்கள். தாத்தாவிடம் சோளத்தை இடித்தார்களா, திரித்தார்களா என்று கேளுங்கள். முடிந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ஐராவதியைத் தாளில் வரைந்து, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாகப் பெயர் எழுதிக் காட்டுங்கள்.

கடைசியாக முள்ளு மிட்டாய். அது கட்டுக்கதை இல்லை. ஜப்பானியப் படையில் சிப்பாய்க்குக் கொடுக்கும் கெட்டி ரொட்டியோடு கொம்பெய்தோ என்ற சர்க்கரை மிட்டாய் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பட்டாணி அளவு இருக்கும், சுற்றிலும் மழுங்கிய முள் முளைத்தது போல. பார்க்காத பிள்ளை இதைக் கற்பனை செய்ய முடியாது. இன்னொரு வசதியும் இதில் உண்டு. டின் பால் மாதிரி இது வெள்ளைக்காரன் காலத்தோடு குழம்பாது. மிட்டாய் கிடைத்த நாள் எதுவாக இருந்தாலும் 1942-க்கும் 1945-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். இப்போது கடையில் விற்கும் கொம்பெய்தோ வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பல நிறத்தில் இருக்கிறது. பாட்டிக்குக் கிடைத்தது என்ன நிறம் என்று, நீங்கள் நிறங்களைச் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள் தம்பி. என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள். இதுவரை நான் கேட்ட மூன்று பேரும் பச்சையைத்தான் முதலில் சொன்னார்கள்.